பழைய பாணிச் சாமான் வாங்க விரும்பும் திருமலைத் தம்பிக்கு

தம்பி, திருகோணமலை உவர்மலையிலிருந்து வந்து கனடாவின் ஸ்காபரோவில் அண்மையில் குடியேறியிருக்கும் நீங்கள், இங்கே 'றெட்ரோ' என்று விற்கப்படும் உடுப்பு, வீட்டுச் சாமான், இசைத்தட்டு, பாட்டுப்பெட்டி ஆகியவற்றை எங்கே நம்பி வாங்கலாம் என்றும், உங்கள் அப்பப்பாவின் வால்வு றேடியோவைக் கப்பலில் எடுப்பிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உடுப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரொறன்ரோ கென்சிங்டன் மார்க்கெட்டில் பழைய உடுப்புக் கடைகள் பல உண்டு. வலியூ வில்லேஜ் போன்ற பாவித்த சாமான் கடைகளில் பொறுமையாகத் தேடினால் அதே வகைச் சட்டை இன்னும் மலிவாக அகப்படும். குளிருக்கான மேலங்கியையும் சப்பாத்தையும் தரமானதாக வாங்கிய பிறகு அழகுக்கான உடுப்பைத் தேடுங்கள். பழைய கமெரா, விளையாட்டுக் கருவி என்பவற்றை என்னிலும் நன்றாக அறிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் பாட்டுப்பெட்டியைப் பற்றியே எழுதுகிறேன். புதிதாக வரும் நம்மவரின் காசு வீணாவதை நான் அதிகம் கண்டிருப்பது அதில்தான்.

பழைய பொருள் வேறு, பழையது போலச் செய்யப்பட்ட புதுப்பொருள் வேறு. 2022இல் அமெரிக்காவில் இசைத்தட்டுகள், 1987க்குப் பின் முதன்முறையாக, எண்ணிக்கையில் சிடிக்களை முந்தி விற்றன; இந்த ஆசையை நம்பியே சூட்கேஸ் வடிவில் அழகழகான நிறங்களில் மலிவான இசைத்தட்டுப் பெட்டிகள் கடைகளில் குவிகின்றன. அவற்றுட் பலவற்றில் ஊசி ஐந்து, ஆறு கிராம் பாரத்துடன் தட்டை அழுத்துகிறது. ஒழுங்கான கருவியில் அந்தப் பாரம் இரண்டு கிராம் அளவில்தான் இருக்கும். ஊசி தாங்கும் கையின் பின்முனையில் திருகி நகர்த்தக்கூடிய எடை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பெட்டியில் உங்கள் அம்மாவின் பழைய பாட்டுத் தட்டுகளை வைக்க வேண்டாம். அதேபோல, நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டுகளுக்கு அகன்ற முனையுள்ள ஊசி வேண்டும். 1948இல் வந்த 33⅓ சுற்றுத் தட்டுக்கும் அடுத்த ஆண்டு வந்த 45 சுற்றுத் தட்டுக்கும் உரிய மெல்லிய ஊசியை அதில் வைத்தால், அது பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலையே தரும்.

இதிலும் கூடிய ஏமாற்று, நாய்ப் படம் ஒட்டிய பித்தளைப் புனல் கிராமபோன். உடைந்த பழைய உதிரிகளோடு புதுப் பெட்டியும் பளபளக்கும் புனலும் சேர்த்து இந்தியாவில் கூட்டிச் செய்யப்படும் இப்பொருள்கள், நூற்றாண்டுப் பழமை என்ற பெயரில் உலகமெங்கும் போகின்றன. நம்மவர் சிலர் வீடு குடிபுகும்போது இதை ஆயிரம் டொலர் அளவில் வாங்கி, கடன் அட்டையில் வட்டி கட்டிக்கொண்டு, வரவேற்பறையில் நிறுத்திவைக்கிறார்கள். அதில் ஒரு பாட்டுக்கூட ஒலித்ததில்லை. இதே ஆட்கள் ஊரில் இருந்த உண்மையான பழைய பெட்டிகளைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் என்பது எனக்கு ஆறாத கோபம். முகப்புக்குப் புதுச் சாயம் பூசி விற்கப்படும் பழைய எச்.எம்.ரி., சீக்கோ கைக்கடிகாரங்களும் இவ்வகையே. எழுத்து மட்டும் மின்னிப் பின்மூடி தேய்ந்திருந்தால் விலகிவிடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி இங்கே எவரும் புதியவருக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. நம் ஊரில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்; கனடாவில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். கடையில் வாங்கும் சிறிய பிளக் மாற்றி பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ற்றை மாற்றாது. மின்மாற்றி வோல்ற்றை மாற்றினாலும் ஹேர்ட்ஸை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதை, மாற்றாது. ஆகவே மின்சாரத்தின் துடிப்பைப் பின்பற்றிச் சுழலும் மோட்டர் உள்ள பழைய இசைத்தட்டுக் கருவியை ஊரிலிருந்து கொண்டுவந்தால், தட்டு ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுழன்று, பாடுபவரின் குரலே மாறிவிடும். எதிர்த்திசையில் ஆபத்து இன்னும் பெரிது. 120 வோல்ற்றுக்கு மட்டும் செய்யப்பட்ட பெட்டியை இங்கே வாங்கி அன்பளிப்பாகத் திருமலைக்கு அனுப்பினால், செருகிய உடனேயே அது எரிந்துபோகலாம். '100–240' என்று பின்னால் அச்சிடப்பட்டிருப்பதை மட்டும் அனுப்புங்கள். இங்கே பாவிப்பதற்கு வாங்கும் மின்பொருளில் சி.எஸ்.ஏ. போன்ற அங்கீகார முத்திரை இருக்க வேண்டும்.

பாவித்த சாமானை இணைய விளம்பரத்தில் பார்த்தால், நேரிற் சென்று ஒலிக்க வைத்துக் கேட்ட பிறகே காசு கொடுங்கள். "பலர் கேட்கிறார்கள், முற்பணம் அனுப்பினால் உங்களுக்கு எடுத்துவைக்கிறேன்" என்பவருக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். மின்வழியாக அனுப்பி அவர் கணக்கில் சேர்ந்துவிட்ட பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். பாவித்த பழைய சாய்மனைக்கதிரைகளில் மூட்டைப்பூச்சி இருக்கக்கூடும். தையல் ஓரங்களை ரோர்ச் அடித்துப் பாருங்கள். பழைய வண்ணப் பீங்கான்களின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அவை அலுமாரியில் நிற்கட்டும்; அவற்றில் உணவு பரிமாற வேண்டாம்.

1990இல் போர் மீண்டும் மூண்ட பிறகு வந்தவர்கள் நாங்கள். தெருவோரத்தில் பிறர் கழித்து வைத்த கட்டிலும் மேசையும் எங்கள் நிலக்கீழ் அறையை நிரப்பின. பூச்சிக்கடியைத் தாங்கிக்கொண்டு இரவு வேலைக்குப் போனோம். அங்கே கழித்துவிடப்பட்ட ஒரு றேடியோவைத் திருத்தி நான் மத்திய அலையைத் திருப்பியபோது, ஆங்கிலச் செய்தியும் பனிப்பொழிவு அறிவித்தலும் வந்தன. அந்த அறிவித்தல்களைக் கேட்டுக் கேட்டே இந்நாட்டு ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டேன். பிறகு தமிழ் வானொலிகளும் கடைகளும் வந்தன. நான் அதற்குள் பழுதுபார்க்கவும் பேரம் பேசவும் கற்றிருந்தேன்.

அந்த ஆர்வம் ஊரில் விதைக்கப்பட்டது. கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் 1957இல் ஒப்படைத்துவிட்டுப் போனபின்னும், அவர்கள் விட்டுச்சென்ற பெட்டிகளும் கடிகாரங்களும் எங்கள் ஊர் வீடுகள் சிலவற்றில் இருந்தன. பின்னர் மத்திய கிழக்குக்குப் போனவர்கள் நஷனல் கசற் றேடியோ கொண்டுவந்தார்கள். பாடசாலைக்குப் புறப்படும் நேரத்தில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' பாட்டு நிகழ்ச்சி வீட்டுக்கு வீடு தொடர்ந்து ஒலிக்கும். அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீட் ஆகியோரின் குரல்கள் இன்றைக்கும் என் காதில் நிற்கின்றன. இங்கே பாவித்த இசைத்தட்டுக் கடையில் கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான தமிழ்ப் பாட்டுத் தட்டைக் கண்டால், விளக்கொளியில் சரித்துப் பாருங்கள். பள்ளங்கள் சாம்பல் பூத்திருந்தால் அது தேய்ந்த தட்டு.

அப்பப்பாவின் றேடியோவுக்கு வருகிறேன். கண்ணாடிக் குழல்களால் இயங்கும் இந்த வால்வு றேடியோக்களில் சில, மின்மாற்றி இல்லாமல் உலோகச் சட்டத்தையே நேரடியாக மின்கம்பியோடு இணைத்தவை. பின்மூடி திறந்திருக்கையில் தொட்டால் உயிராபத்து. நெடுங்காலம் ஓடாத பெட்டியில் மின்னைத் தேக்கும் சிறு உறுப்புகளான கடதாசிக் கண்டென்சர்கள் பழுதாகி மின்சாரத்தைக் கசியவிடக்கூடும். அவற்றை மாற்றாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. ஆகவே இப்போதைக்கு ஒருவரும் அதைச் செருகிப் பார்க்க வேண்டாம் என்று வீட்டுக்குச் சொல்லுங்கள். ஊரில் பழைய றேடியோ திருத்துபவர் ஒருவரைக் கொண்டு பின்மூடியைத் திறப்பித்து, உள்ளே மின்மாற்றி இருக்கிறதா, 110 அல்லது 127 வோல்ற் என்ற எண்ணுக்கு மாற்றும் வழி இருக்கிறதா என்று பார்ப்பியுங்கள். வழி இருந்தால் இங்கே அது மத்திய அலையை அருமையாகப் பிடிக்கும். இல்லையென்றால் ஊரிலேயே திருத்துவித்து ஊரிலேயே ஒலிக்கவிடுவது நல்லது. உட்புறத்தின் படத்தை எனக்கு அனுப்புங்கள், அதைப் பார்த்த பிறகு கப்பற்செலவைப் பற்றிக் கதைப்போம்.