'பானிபூரி' என்று கத்தியதற்கு இடைநீக்கமா?

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன், குறுவட்டக் கால்பந்துப் போட்டியில் எதிரணியில் ஆடிய வடமாநிலச் சிறுவனைப் பார்த்து நண்பர்களோடு சேர்ந்து 'பானிபூரி, பானிபூரி' என்று கத்தியிருக்கிறான். இது இனவெறி என்று சொல்லிப் பள்ளியில் ஒரு வாரம் இடைநீக்கம் செய்துவிட்டார்கள். மறுபடி நடந்தால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவோம் என்கிறார்கள். ஒரு தின்பண்டத்தின் பெயரைச் சொன்னது இவ்வளவு பெரிய குற்றமா?

பதில்: உங்கள் மகனைப் பள்ளி கேள்வி கேட்டது நியாயம். ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பியதும் டி.சி. என்று மிரட்டியதும் நியாயமில்லை.

நான் வடசென்னை வியாசர்பாடியில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் அணியின் கோல்கீப்பர் பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பையன். அப்பாவுக்கு மணலியில் வேலை. பையனுக்குத் தமிழ் நன்றாக வரும், உச்சரிப்பில் மட்டும் ஊர் வாசனை இருக்கும். கோல்கீப்பருக்குக் கையைவிட வாய் முக்கியம். முன்னால் நிற்கிற தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் வருகிற ஆள் தெரியாது. 'இடது பக்கம் ஆள்', 'நீ விடு, நான் எடுக்கிறேன்' என்று அவன்தான் கத்த வேண்டும். ஒரு போட்டியில் எதிர்ப் பள்ளி மாணவர்கள் அவன் கோல் கம்பத்துக்குப் பின்னால் கூட்டமாக நின்றுகொண்டார்கள். அவன் கத்தும் ஒவ்வொரு சொல்லையும் அதே உச்சரிப்பில் திரும்பக் கத்தினார்கள். பிறகு 'வடக்கன்' என்றார்கள், 'பானிபூரி' என்றார்கள், கை தட்டித் தாளம் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பையன் வாயை மூடிக்கொண்டான். அடுத்தடுத்து இரண்டு கோல் விழுந்தன. இரண்டிலும் எங்கள் தடுப்பாட்டக்காரன் பந்தை எடுக்கலாமா விடலாமா என்று தெரியாமல் நின்றான், ஏனென்றால் பின்னாலிருந்து குரலே வரவில்லை.

ஆகவே தின்பண்டத்தின் பெயர்தானே என்று கேட்காதீர்கள். அந்தப் பெயரை யாரைப் பார்த்து, எத்தனை பேர் சேர்ந்து, எதற்காகக் கத்தினார்கள் என்று கேளுங்கள். 2012 மார்ச்சில் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் இதே கேள்வி எழுந்தது. அலாமோ ஹைட்ஸ் என்ற வசதியான பகுதியின் உயர்நிலைப் பள்ளி, லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்கள் நிறைந்த எடிசன் பள்ளியைக் கூடைப்பந்தில் வென்றது. வென்ற பள்ளியின் மாணவர்கள் சிலர் 'யு.எஸ்.ஏ., யு.எஸ்.ஏ.' என்று முழங்கினார்கள். சொந்த நாட்டின் பெயர், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதே நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து, 'நீங்கள் இந்த நாட்டவர் இல்லை' என்று சொல்வதற்காகவே அது எழுந்தது என்று எதிரில் இருந்தவர்கள் புரிந்துகொண்டார்கள். அலாமோ ஹைட்ஸ் பள்ளி நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. கத்திய மாணவர்கள் மீது நடவடிக்கையும் எடுத்தது. நாட்டுப் பற்றைக் காட்டினால் தண்டனையா என்று அங்கேயும் பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்த நிர்வாகம் செய்தது சரி என்றே படுகிறது.

வடசென்னைக்காரர்களான நமக்கு இது புரியாமல் போவதுதான் எனக்கு ஆற்றாமை. எங்கள் பிள்ளைகள் நகரின் மறுபக்கத்தில் ஆடப் போனால் 'ரவுடி ஏரியா' என்ற பேச்சு அவர்கள் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. இன்னொன்று: வியாசர்பாடியில் எத்தனையோ வீடுகள் 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களின் வீடுகள். அங்கே தமிழர்களை, இந்தியர்களை 'கலா' என்று இழித்துக் கூப்பிட்டார்கள். கடைகளை நாட்டுடைமையாக்கினார்கள். கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்தவர்களின் பேரன்கள், பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிட்டுவிட்டு வந்து, ரயிலேறிப் பிழைக்க வந்தவனின் மகனைப் பார்த்துக் கூட்டமாகக் கத்துவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

இப்போது பள்ளியின் தவறுக்கு வருகிறேன். எங்கள் போட்டிக்குப் பிறகும் அந்தப் பள்ளி சிலரை இடைநீக்கம் செய்தது. யாரை? குரல் பெரிதாக இருந்தவர்களை. பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்த பி.டி. மாஸ்டரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் கோல்கீப்பரிடம் வந்து ஒரு வார்த்தை பேசவும் அந்தப் பள்ளியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. வீட்டுக்கு அனுப்பப்பட்ட பையன்கள் ஒரு வாரம் கைப்பேசி பார்த்தார்கள், 'அந்த வடக்கனால்தான் இப்படி ஆனது' என்ற கோபத்தோடு திரும்பி வந்தார்கள். அப்படித் திரும்பி வருகிறவன் அடுத்த முறை மைதானத்தில் கத்த மாட்டான், தெருமுனையில் பிடித்துக்கொள்வான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சாதியைச் சொல்லித் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் புகார் சொன்ன மாணவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள்.

டி.சி. மிரட்டலுக்கு நீங்கள் பயப்படத் தேவையில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 16ஆவது பிரிவு: தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. 17ஆவது பிரிவு அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. இதைத் தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். ஆனால் இந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'என் பையன் செய்தது தப்பே இல்லை' என்று வாதாடப் போகாதீர்கள்.

உண்மையில் இதையெல்லாம் மைதானத்திலேயே நிறுத்தியிருக்க முடியும். உலகக் கால்பந்தில் இதற்கு மூன்று படி உண்டு: நடுவர் முதலில் ஆட்டத்தை நிறுத்தி, அறிவிப்புச் செய்வார், கத்தல் தொடர்ந்தால் வீரர்களை உள்ளே அனுப்பிவிட்டுக் காத்திருப்பார், அப்போதும் அடங்கவில்லை என்றால் ஆட்டத்தையே கைவிடுவார். 2024 மே மாதம் பாங்காக்கில் நடந்த ஃபிஃபா மாநாட்டில், இனவெறிக்கு ஆளாகிற வீரர் இரு கைகளையும் மணிக்கட்டில் குறுக்காக வைத்துக் காட்டினால் நடுவர் இந்த நடைமுறையைத் தொடங்க வேண்டும் என்று அறிவித்தார்கள். வாலென்சியா மைதானத்தில் 2023இல் பிரேசிலின் கறுப்பின வீரர் வினிசியஸைப் பார்த்து இனவெறியோடு கத்திய மூன்று பேருக்கு, அடுத்த ஆண்டே ஸ்பெயின் நீதிமன்றம் எட்டு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. நம் குறுவட்டப் போட்டிகளில் விசில் வைத்திருக்கும் ஆசிரியர் முதல் படியைச் செய்தாலே பாதிப் பிரச்சினை அடங்கிவிடும். அதற்கு மைக்கூட வேண்டாம், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றால் போதும். எங்கள் பகுதியில் நடக்கும் போட்டிகளில் இதை நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். மகனை உட்கார வைத்து, அன்று என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். யார் ஆரம்பித்தார்கள் என்பது வேண்டாம், அந்தப் பையன் அப்போது என்ன செய்தான் என்று கேளுங்கள். பிறகு அவன் பெயரைக் கேளுங்கள், பெரும்பாலும் தெரிந்திருக்காது. தலைமை ஆசிரியரிடம் போய், மீதி நாட்களுக்கு வீட்டில் உட்கார வைப்பதற்குப் பதிலாக அந்தப் பள்ளிக்கு ஆசிரியரோடு அனுப்பி மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள், நானும் உடன் வருகிறேன் என்று சொல்லுங்கள். அன்று பொறுப்பில் இருந்த ஆசிரியரும் வர வேண்டும் என்று கேளுங்கள். போவதற்கு முன், அந்தப் பையனுக்கு இவர்களைப் பார்க்க விருப்பம் இருக்கிறதா என்று அவனுடைய ஆசிரியர் மூலம் கட்டாயம் விசாரியுங்கள். விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். உங்கள் மகன் தன் கையால் எழுதிய கடிதத்தை அந்த ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.