மெலிசா எங்கே போனாள்?

வணக்கம். சூசன் சரண்டனின் முதல் படம் என்று 'ஜோ'வைத் (1970) தேடிப்பிடித்துப் பார்த்தேன். ஹிப்பி காலத்து இளைஞர்களின் விரக்தியைச் சொல்லும் படம் என்றார்கள். சரண்டனோ கொஞ்ச நேரம் வந்துவிட்டுக் காணாமல் போகிறார். மீதி நேரமெல்லாம் இரண்டு நடுவயது ஆண்கள் குடிக்கிறார்கள், புலம்புகிறார்கள். ஒரு நடிகைக்கு இது என்ன அறிமுகம்?
எம்.

அன்புள்ள எம்.,

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். அது அப்பாக்களின் படம். விளம்பரத்துறை அதிகாரி பில் காம்ப்டனின் மகள் மெலிசா (சரண்டன்) போதைமருந்து அதிகமாகி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவள் துணிமணிகளை எடுக்கப் போன இடத்தில் போதைமருந்து விற்கும் அவளுடைய காதலனை அப்பா அடித்தே கொன்றுவிடுகிறார். அப்புறம் மதுக்கடையில், ஹிப்பிகளை வெறுக்கும் ஜோ என்ற தொழிலாளியிடம் உளறிவிட, அவன் மிரட்டிப் பணம் பறிக்காமல் மெச்சுகிறான். அதோடு மெலிசா கதைக்கு ஒரு சாக்காகிவிடுகிறாள்.

சரண்டன் இதில் வந்ததே தற்செயல். நடிகர் தேர்வுக்கு அன்றைய கணவர் கிறிஸ் சரண்டனோடு போனார். கணவருக்கு வேடம் இல்லை, இவருக்குக் கிடைத்தது. ஆனால் கடைக்குள் போதையில் முகமெல்லாம் சாயம் பூசிக்கொள்ளும் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். புதுமுகங்கள் இந்த மாதிரி இடத்தில் தள்ளாடி, கண்ணை உருட்டி ஒருவழி பண்ணிவிடுவார்கள். இவர் அம்மாவின் அலங்கார மேசை கையில் சிக்கிய சிறுமி போல மும்முரமாகப் பூசிக்கொள்கிறார். தப்பு செய்கிறோம் என்ற நினைப்பே அந்த முகத்தில் இல்லை. படத்தில் வரும் மற்ற ஹிப்பிகளுக்கு இயக்குநர் அவில்ட்சன் இந்த அளவுகூட உயிர் தரவில்லை. கஞ்சா புகைப்பார்கள், பர்ஸைத் திருடுவார்கள், அவ்வளவுதான். அந்த விஷயத்தில் எனக்கும் படத்தின் மேல் கோபம் உண்டு.

படம் வந்த நேரத்தையும் பாருங்கள். 1970 மே 4 அன்று அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், வியட்நாம் போரை எதிர்த்து நடந்த போராட்டத்தின்போது நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நான்கே நாளில் நியூயார்க் கட்டுமானத் தொழிலாளர்கள் போர் எதிர்ப்பு மாணவர்களைத் தெருவில் அடித்தார்கள். ஜூலையில் படம் வெளியானது. திரையரங்கில் சிலர் ஜோவுக்கு ஆரவாரம் செய்ததைக் கண்டு, அந்த வேடத்தில் நடித்த பீட்டர் பாயிலே கலங்கிப்போனார்.

கடைசியில் ஹிப்பிகள் கூடி வாழும் பனி மூடிய பண்ணை வீட்டில், ஓடுகிற பெண்ணை அப்பா முதுகில் சுடுகிறார். சுடப்பட்டவள் மெலிசா. பிம்பம் அப்படியே உறைந்துவிடுகிறது. அதற்குள் நாமும் அவளை மறந்திருப்போம். நார்மன் வெக்ஸ்லரின் திரைக்கதை செய்த வேலை அது. ஆரம்பத்தில் சரண்டன் வெறும் 'ஹிப்பிப் பெண்ணாக' வந்து போயிருந்தால் அந்தக் குண்டு நமக்கு உறைத்திருக்காது.

அதே ஆண்டில், அதே காலத்து இளைஞர்களைப் பற்றி இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'ஸப்ரிஸ்கி பாயிண்ட்' வந்தது. நாயகி டாரியா ஹால்ப்ரின் அதில் நிறைய நேரம் வருகிறார், அழகாகவும் இருக்கிறார். எனக்கு என்னவோ பாலைவனமும் வெடித்துச் சிதறும் வீடும்தான் நினைவில் நிற்கின்றன. முடிந்தால் அதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.