பயத்துக்கு 58 மதிப்பெண்: என் மகள் நடிக்கிறாளா, டாக்டர்?

கேள்வி: என் மகளுக்கு வயது 12. கணுக்கால் சுளுக்கிய பிறகு எட்டு மாதமாகக் கால்வலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கின்றன. இப்போது வலிப் பிரிவு மருத்துவர், அவளுடைய பயத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் தரப்போவதாகச் சொல்கிறார். இணையத்தில் அதைத் தேடி எடுத்து நானே நிரப்பினேன். 96-க்கு 58 வந்தது. இது மனநோயா? நடிக்கிறாளா? புற்றுநோய் ஏதும் தப்பியிருக்குமா? மூட்டில் சொடக்குச் சத்தமும் கேட்கிறது. பள்ளி நாள்களில் காலையில் ஒரு வலி மாத்திரை கொடுக்கிறேன். வலி குறைந்த நாளிலும் அவள் மாடிப்படி ஏறுவதில்லை. பள்ளியும் பாதி நாள்தான்.

பதில்: நடிக்கவில்லை. வலி உண்மையானது. பயத்தை அளக்கிறார்கள் என்றால் வலியை நம்பவில்லை என்று பொருளல்ல. சுளுக்கு ஆறிய பிறகும் வலியைப் பிடித்துவைத்திருப்பது எது என்று தேடுகிறார்கள்.

சொடக்குச் சத்தத்தை விட்டுவிடுங்கள். வலி இல்லாத மூட்டுகளிலும் அது கேட்கும். புற்றுநோயை இணையத்தில் தேடுவதையும் நிறுத்துங்கள். எதைத் தேடினாலும் அங்கே அதுதான் கிடைக்கும். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், எடை குறைதல், மூட்டு வீக்கம், கால் தளர்ச்சி ஆகியவற்றில் ஏதேனும் புதிதாக வந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய மாடிப்படி வரி. வலி குறைந்த நாளிலும் படி ஏறுவதில்லை என்றால், அவளைத் தடுப்பது அன்றைய வலி அல்ல, வந்துவிடுமோ என்ற எதிர்பார்ப்பு. ஏறாத காலில் தசை தளர்கிறது, மூட்டு இறுகுகிறது. பிறகு ஒரு நாள் ஏறினால் நிஜமாகவே வலிக்கிறது. ‘அப்போதே நினைத்தேன்’ என்று பயம் உறுதிப்படுகிறது. முதலில் மாடிப்படி, அடுத்து விளையாட்டு, பிறகு பள்ளி, கடைசியில் தோழிகள் என்று ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். அவள் உலகம் இப்படிச் சுருங்குவதைத்தான் இப்போதே தடுக்க வேண்டும்.

அந்தக் கேள்வித்தாள் கணக்கிடுவதும் இதைத்தான். உளவியலாளர் லாரா சைமன்ஸ் குழுவினர் 2011-இல் வெளியிட்டது. 24 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. ஒரு பகுதி வலியைப் பற்றிய பயத்தைக் கேட்கிறது, மற்றது செயல்களைத் தவிர்ப்பதை. ஒரே 58-ஐ வாங்கிய இரு பிள்ளைகளில் ஒருத்தி பயந்துகொண்டே பள்ளிக்குப் போகிறவளாக இருக்கலாம். இன்னொருத்தி பயம் அவ்வளவாக இல்லை என்று சொல்லிவிட்டுக் கட்டிலை விட்டு இறங்காதவளாக இருக்கலாம். இருவருக்கும் சிகிச்சை ஒன்றல்ல. மொத்த எண்ணை மட்டும் பார்த்து நோயின் பெயரைச் சொல்ல முடியாது.

அதிலும் உங்கள் 58 அவளுடையதே அல்ல. அவளுக்காக நீங்கள் ஊகித்து நிரப்பியது. உங்கள் பயமும் அதில் கலந்திருக்கிறது. பெற்றோரின் பயத்தை அளக்கத் தனிப் படிவமே இருக்கிறது. மருத்துவர் கொடுத்தால் கோபப்படாமல் நிரப்புங்கள். அவளுடைய தாளை அவளே எழுதட்டும், நீங்கள் தோளுக்குப் பின்னால் நிற்காமல்.

சில இடங்களில் புகைப்படங்களையும் பயன்படுத்துகிறார்கள். படி ஏறுவது, ஓடுவது, பை சுமப்பது போன்ற படங்களை எவ்வளவு பயம் என்று 0 முதல் 10 வரை பிள்ளையே வரிசைப்படுத்தும். எனக்குப் பிடித்த முறை இது, ஏனென்றால் அந்த வரிசையே சிகிச்சைத் திட்டமாகிவிடுகிறது. இயன்முறை மருத்துவரும் உளவியலாளரும் சேர்ந்து, பயம் குறைந்த படத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் செய்ய வைப்பார்கள். வலி முழுவதும் போகட்டும் என்று காத்திருக்க மாட்டார்கள், நீங்களும் காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் நடமாட்டம் முதலில் கூடும், வலி பின்னால்தான் இறங்கும். பள்ளி நேரத்தையும் அவர்களோடு பேசிப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

வீட்டில் ‘வலிக்கிறதா?’ என்று கேட்பதைக் குறையுங்கள். அன்று என்ன செய்தாள் என்று கேளுங்கள்.

காலையில் கொடுக்கும் அந்த வலி மாத்திரையை யார் சொன்னதால் கொடுக்கிறீர்கள்? வலி நிவாரணிகளை மாதக்கணக்கில் தன்னிச்சையாகக் கொடுத்தால், மருந்தைப் பொறுத்து வயிறோ சிறுநீரகமோ கல்லீரலோ பாதிக்கப்படலாம். அதோடு, பள்ளி நாளில் மட்டும் மாத்திரை என்றால், பள்ளிதான் ஆபத்தான இடம் என்று தினமும் காலையில் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த முறை போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய், இதுவரை எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.