அவளுடைய சம்பளம் எங்கே போனது?

கேள்வி: தொலைக்காட்சி நாடகங்கள் பெண்களைக் குறுகலாகக் காட்டுகின்றன என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். வீட்டில் நடப்பதைத்தானே காட்டுகிறார்கள்? சமைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் இழிவா? மக்கள் விரும்புவதால்தான் இவை ஓடுகின்றன. பிடிக்காவிட்டால் சேனலை மாற்ற வேண்டியதுதானே?
- வாசகர் ஒருவர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: சமைப்பது இழிவு என்று நான் எழுதவில்லை, ஐயா. நாடகத்தில் அதை எப்போதும் ஒருத்தியே செய்கிறாள் என்று எழுதினேன்.

வீட்டில் நடப்பது என்கிறீர்கள். யார் வீட்டில்? உங்கள் புளோக்கிலேயே விசாரித்துப் பாருங்கள். கணவன், மனைவி இரண்டு பேருடைய மத்திய சேமநிதியும் (சம்பளத்தில் பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) சேர்ந்துதான் வீவக என்னும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்குத் தவணை கட்டுகிறது என்று எத்தனை குடும்பங்கள் சொல்லும்! இப்போது நாடகத்துக்கு வாருங்கள். அதே நாலறை வீடு. கணவனும் மாமனாரும் சோபாவில் இருக்கிறார்கள். மருமகள் தட்டில் காப்பி கொண்டுவருகிறாள். அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள் என்று முதல் வாரத்தில் ஒரு வசனம் வந்திருக்கும். அதோடு சரி, அப்புறம் அவள் அலுவலகத்தை நாம் பார்க்கவே மாட்டோம். கணவனுக்கு வேலையில் சிக்கல் வந்தால் மூன்று வாரத்துக்கு அதுதான் கதை. அவளுக்குப் பதவி உயர்வு வந்தால் அது வீட்டில் சண்டை மூட்ட மட்டும் பயன்படுகிறது. மாதாமாதம் வரும் அவள் சம்பளம் என்ன ஆகிறது, அதை வைத்து அவள் என்ன முடிவெடுக்கிறாள் என்று யாரும் எழுதுவதில்லை.

வில்லிகளைப் பற்றிப் பலர் குறைப்படுகிறார்கள். அவர்களின் பொட்டும் முறைப்பும் எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? சொந்தக் காசும், சொந்தக் காரும், யாரையும் கேட்காமல் முடிவெடுக்கும் தைரியமும் உள்ள பெண் பெரும்பாலும் வில்லியாகத்தான் வருகிறாள். நல்லவளுக்கு அழுகையும் பொறுமையும்தான் மிச்சம். இங்கே எடுக்கும் நாடகங்களில் பெண் காவல் அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் வந்துவிட்டார்கள். அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அவர்களும் வீட்டு வாசலைத் தாண்டியவுடன் 'எப்போது கல்யாணம்?' என்ற ஒரே கேள்விக்குள் அடைபடுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

என் அம்மா 1970களில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் மூன்று ஷிஃப்டும் பார்த்தவர். தொழிற்சாலைகள் பெருகிய காலம் அது. எங்கள் புளோக்கில் தமிழ், சீன, மலாய்ப் பெண்கள் பலர் ஒரே கம்பெனி பஸ்ஸுக்காகக் கீழே நிற்பார்கள். அம்மாவுக்கு இரவு ஷிஃப்ட் என்றால் காலையில் எங்களை எழுப்பி, மைலோ கலக்கிக் கொடுத்து, எனக்கு ரெட்டைச் சடை பின்னிவிடுவது அப்பா. சடை கோணலாகத்தான் இருக்கும். அதை யாரும் அதிசயமாகப் பேசியதில்லை. அப்பாவுக்கும் அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இருந்ததாக நினைவில்லை.

சில மாதங்களுக்கு முன் அம்மாவோடு உட்கார்ந்து ஒரு தொடர் பார்த்தேன். வேலைக்குப் போன தாய் வீடு திரும்புகிறாள், பிள்ளைக்குக் காய்ச்சல். மாமியார் ஒரு பாட்டம் திட்டி முடிக்கிறார். அந்தத் தாய் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறாள். பின்னணியில் வயலின். பிள்ளையின் அப்பாவும் அன்று வேலைக்குத்தான் போயிருந்தார். அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கண்ணில் தண்ணீர். "நானும் உங்களை அப்படித்தானேம்மா போட்டுட்டுப் போனேன்" என்றார். எங்கள் ஐந்து பேர் வயிற்றை நிரப்பிய சம்பளத்துக்காக, எழுபது வயதைத் தாண்டிய பிறகு, அவர் குற்றவாளியைப் போல அழுகிறார். இதைப் பார்த்த பிறகு, இது வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த எண்ணம் திரையோடு நின்றுவிடுவதும் இல்லை. சிங்கப்பூரில் 1979 முதல் மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான் என்று வரம்பு வைத்திருந்தார்கள். பெண் மருத்துவர்கள் குடும்பத்துக்காக வேலையை விட்டுவிடுவார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2003இல்தான் அது நீங்கியது. அரசு ஊழியராக இருந்த பெண் தன் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் ஆண் ஊழியரைப் போலவே மருத்துவச் சலுகை பெற 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்று எடுத்துக்கொண்டதால் வந்த வினை அது. அரசாங்க விதிகளே மாறிவிட்டன, ஐயா. வசனத்தாள் மாறக் கூடாதா?

ஆண்களுக்கும் இதில் நியாயம் இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் தகுதியுள்ள தந்தையருக்கு நான்கு வாரச் சம்பள விடுப்பு கொடுப்பது இங்கே முதலாளிகளுக்குக் கட்டாயம். நாடகத்தில் அப்பா டயாப்பர் மாற்றினால் உடனே கோமாளி இசை போடுகிறார்கள். பள்ளியில் பையன்களும் சமையல் பாடம் படிக்கிற ஊர் இது.

மக்கள் விரும்புகிறார்கள் என்பதற்கு வருகிறேன். 'கோலங்கள்' என்ற சென்னைத் தொடர் 2003 முதல் 2009 வரை, 1,500 அத்தியாயங்களுக்கு மேல் ஓடியது. அதன் நாயகி அபி கட்டுமானத் தொழில் நடத்துகிறவள். அதிலும் கண்ணீருக்குக் குறைவில்லைதான். ஆனாலும் அவள் தொழில்தான் கதையை நகர்த்தியது, இங்கேயும் வீடு வீடாக உட்கார்ந்து பார்த்தோம். உழைக்கும் பெண்ணின் கதையை நம் மக்கள் பார்க்க மாட்டார்கள் என்று சொல்வது பார்வையாளரைக் குறைத்து மதிப்பிடுவது.

சேனலை மாற்றச் சொல்கிறீர்கள். சென்னைத் தொடர் என்றால் மாற்றிவிடலாம். ஆனால் சிங்கப்பூரின் வசந்தம் தொலைக்காட்சி 2008 அக்டோபரில் முழு ஒளிவழியானது (தனிச் சேனலானது). நம் தமிழ் நாடகங்களுக்கு இந்த ஊரில் இருக்கும் வீடு அதுதான். பொதுச் சேவை ஒளிபரப்பு என்று அரசு நிதியும் போகிறது. அது நம் வரிப்பணம். அதனால் நான் மாற்றப்போவதில்லை, எழுதிக் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இன்றிரவு ஏதாவது ஒரு தொடரில் ஓர் அத்தியாயத்தைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். யார் நின்றுகொண்டே இருக்கிறார், யார் உட்கார்ந்தே இருக்கிறார், கதவைத் திறக்க யார் எழுந்து போகிறார், யார் கையில் தட்டு இருக்கிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். உங்கள் கணக்கு எப்படி வந்தாலும், ஒரு எழுத்தை மாற்றாமல் அடுத்த இதழில் போடுகிறேன்.