போலீஸ் பிஸ்டல்கள் சோதனையில் தேறுவது எப்படி? கேள்வி பதில்

காவலர்களின் கைத்துப்பாக்கிகளை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று வந்த கேள்விகளுக்கு, வேலூர் ஆயுதப்படையில் ஆர்மரராக (ஆயுதங்களைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவராக) இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

காட்பாடி: சார், வாங்கும் முன் எத்தனை ரவுண்டு (தோட்டா) சுட்டுப் பார்ப்பார்கள்?

நாட்டுக்கு நாடு மாறும். 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரிய ராணுவம் வைத்த நிபந்தனையைச் சொல்கிறேன். முதல் 10,000 ரவுண்டில் 20 தடவைக்கு மேல் சிக்கக்கூடாது. கையாலேயே சரிசெய்துவிடும் சின்ன ஜாம்கூடக் கணக்கில் சேரும். 15,000 ரவுண்டு முடிந்ததும் தேய்மானம் பார்ப்பார்கள். அப்புறம் அழுத்தம் கூடிய சோதனைத் தோட்டாவையும் அது தாங்க வேண்டும். அதில் தேறியதுதான் கிளாக் 17 பிஸ்டல்.

குடியாத்தம்: 10,000-க்கு 20 என்பது ஒரு பொருட்டா?

500-க்கு ஒன்று. 15 ரவுண்டு போட்ட மேகசினை (தோட்டாப் பெட்டியை) காலி செய்வதற்குள் சிக்க நூற்றுக்கு மூன்று வாய்ப்பு. சுடுபயிற்சி ரேஞ்சில் சிரித்துக்கொண்டே மேகசினைத் தட்டி, மேலுள்ள ஸ்லைடை இழுத்துவிட்டுச் சுடலாம். எதிரே ஆள் நிற்கும்போது அந்த இரண்டு நொடி யாரிடம் இருக்கிறது?

ராணிப்பேட்டை: ரைபிள் கிளப்பில் என் பிஸ்டலில் 200 ரவுண்டு போட்டேன், ஒரு ஜாம் இல்லை. நம்பலாம்தானே?

அவசரப்படாதீர்கள். கோளாறே வராத சோதனைக்குப் புள்ளியியலில் ஒரு சுருக்குவழி உண்டு. 3-ஐ, சுட்ட ரவுண்டுகளால் வகுங்கள். கோளாறு விகிதம் அதற்கு மேல் இருக்காது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 3/200 என்றால் 1.5 சதவீதம். 67 ரவுண்டுக்கு ஒருமுறை சிக்கும் துப்பாக்கிகூட, இருபதில் ஒரு தடவை உங்கள் சோதனையில் தப்பிவிடும். 500-க்கு ஒன்றுக்கு மேல் சிக்காது என்று அதே உறுதியோடு சொல்ல, ஜாமே இல்லாமல் 1,500 ரவுண்டு போட வேண்டும். அதுவும் உங்கள் ஒரு துப்பாக்கியைப் பற்றித்தான் சொல்லும். அதே மாடலில் பக்கத்து ஆளுடையதைப் பற்றிச் சொல்லாது. அதனால்தான் ஒரு மாடலில் பல துப்பாக்கிகளை எடுத்துச் சுடுகிறார்கள். கம்பெனிக்காரர் பொறுக்கித் தரும் ஒன்றை வைத்து முடிவெடுப்பது எனக்குப் பிடிக்காத வேலை.

சத்துவாச்சாரி: அண்ணே, கீழே விழுந்தால் வெடிக்குமா?

வெடிக்கக்கூடாது. ஆஸ்திரியர்கள் கேட்டது, 2 மீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டில் விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று. ஆனால் எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதுதான் விஷயம். சிக் சாவர் கம்பெனியின் பி320 பிஸ்டலை 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்தது. வெளிச்சந்தையில் விற்ற பி320, வழக்கமான சோதனைகளில் தேறியிருந்தும், பின்பக்கம் சாய்வாக அடிபட்டால் வெடிப்பது ஆகஸ்டில் தெரியவந்தது. கம்பெனி ட்ரிகர் பாகங்களை மாற்றித் தந்தது. தரநிலை கேட்காத கேள்விக்குத் துப்பாக்கியும் பதில் சொல்லாது.

அரக்கோணம்: நம்ம ஊர் வெயிலும் புழுதியும்?

வெயில் துப்பாக்கியைவிடத் தோட்டாவைத்தான் கெடுக்கும். மூடிய ஜீப்பில் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். புழுதிக்கு எண்ணெயைக் குறையுங்கள். நிறைய ஊற்றினால் மண் ஒட்டிக் குழைந்துபோகும்.

பேரணாம்பட்டு: ரிவால்வர் ஜாமே ஆகாதாமே?

தோட்டா வெடிக்கவில்லையென்றால் மறுபடி ட்ரிகரை இழுக்கலாம், அடுத்த அறை வந்துவிடும். ஆனால் தோட்டா அறைகள் உள்ள சுழல் உருளையான சிலிண்டர் இறுகிப்போனால் அவ்வளவுதான், ஆர்மரியில் (ஆயுதக் கிடங்கில்) தான் சரியாகும்.

ஆம்பூர்: பயிற்சியில் இருக்கும் பெண் காவலர் நான். என் கையில் மட்டும் பிஸ்டல் சிக்குகிறது, சார்.

உடனே உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள், அம்மா. நான் பார்த்த ஜாம்களில் பெரும்பாலானவை மேகசினால் வந்தவை. முதலில் மேகசின்களுக்கு மார்க்கரால் நம்பர் போடுங்கள். ஒரே நம்பரில் திரும்பத் திரும்பச் சிக்கினால் அதன் ஸ்பிரிங்கோ உதடோ (தோட்டாவைப் பிடிக்கும் மேல் விளிம்போ) போயிருக்கும், மாற்றச் சொல்லுங்கள். எந்த மேகசினைப் போட்டாலும் உங்களிடம் மட்டும் சிக்கினால், சுடும்போது மணிக்கட்டு தளர்கிறதா என்று பயிற்சியாளரைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.