பள்ளிக்கரணை வழக்கு: இன்னும் 23 நாள்தான் இருக்கிறது

பெரும்பாக்கத்தில் சதுப்பு நிலத்தை ஒட்டி அடுக்குமாடி கட்ட ஒரு பில்டருக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது, கலெக்டர் முதல் முதல்வர் தனிப்பிரிவு வரை மனு கொடுத்தும் பதிலே இல்லை, பூநாரை வரும் இடம் போய்விடுமே என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார்.

ஐயா, அந்த இடம் போனால் எனக்கும் வலிக்கும். ஆனால் உங்கள் வழக்கின் உயிர் நீங்கள் இணைத்த பேப்பர் கட்டிங்கில் இருக்கிறது. அனுமதி கிடைத்ததாக பில்டர் கொடுத்த விளம்பரம் அது, தேதியை நீங்களே சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறீர்கள். இன்றோடு 67 நாள்.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சட்டம் 16ஆம் பிரிவில், இப்படி ஓர் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60. மொத்தம் 90, மிச்சம் 23. அதையும் தாண்டினால் தீர்ப்பாயத்துக்கு மனமிருந்தாலும் அதிகாரம் இல்லை. கலெக்டர் கூப்பிட்டுப் பேசினார், அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று நம்பி உட்கார்ந்திருந்த நாள்களை யாரும் கழித்துத் தர மாட்டார்கள். நல்ல வழக்கோடு வருபவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். பொதுவான சுற்றுச்சூழல் தகராறுகளுக்கான 14ஆம் பிரிவில் ஆறு மாதம் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அனுமதியையே எதிர்த்துவிட்டு அந்த வழியில் போனால், இது வேறு பெயரில் வந்த மேல்முறையீடு என்று எதிர்த்தரப்பு முதல் நாளே எழுந்து நிற்கும். கட்டிங்கை மறைக்கவும் வேண்டாம், தாமத மன்னிப்பு மனுவில் அந்தத் தேதியையே சொல்லுங்கள்.

பறவைப் படங்களை விட சர்வே எண் முக்கியம். பள்ளிக்கரணை 2022 முதல் ராம்சார் தலம், அதாவது உலக அளவில் முக்கியமானதென்று அறிவிக்கப்பட்ட சதுப்பு நிலம், 1,247 ஹெக்டேர். 2017 சதுப்புநில விதிகள் ராம்சார் தலங்களுக்குப் பொருந்தும்; வெள்ள நீர்மட்டக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது. மனையின் சர்வே எண்கள் எந்தப் பக்கம் விழுகின்றன, பில்டர் தன் விண்ணப்பத்தில் ராம்சார் தூரத்தை என்னவென்று எழுதினார், இந்த இரண்டையும் எடுங்கள். தகவலை மறைத்திருந்தால் அனுமதியே ரத்தாகலாம்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் உள்ள இன்னொன்று, ஏரி தெரியும் என்று சொல்லி இதே பில்டர் விற்ற வீட்டில் இனி சுவர்தான் தெரியும் என்ற குறை. அதை இதில் கலக்காதீர்கள், சொந்த லாபத்துக்கான வழக்கு என்று முத்திரை விழும். அதைப் பேசித் தீர்த்துக்கொள்வதே நல்லது. ஆனால் சமரசப் பத்திரத்தில் "பக்கத்துத் திட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை" என்று ஒரு வரி நுழைந்திருக்கும், அதை அடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் வாங்குபவர் மேல்முறையீட்டில் மனுதாரராக இருக்கவும் வேண்டாம்.

இந்த ஞாயிறே சங்கத்தில் தீர்மானம் போட்டு, திங்கள் காலை வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள்.