குகையும் டால்பினும்: அறுபதைத் தாண்டியவர்கள் எந்தப் படகில் ஏறலாம்?

தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மகளும் மாப்பிள்ளையும் போர்ச்சுகல் நாட்டில், லிஸ்பனில் இருக்கிறார்கள். செப்டம்பரில் நானும் மனைவியும் போகிறோம். அந்த நாட்டின் தென்கோடியில் உள்ள அல்கார்வ் கடற்கரையில், கடல் குகைகளையும் டால்பின்களையும் சேர்த்துக் காட்டும் இரண்டரை மணி நேரப் படகுச் சவாரிக்கு மாப்பிள்ளை பணம் கட்டப் போகிறார். எனக்கு 68 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். மனைவிக்கு 63, முழங்கால் தேய்மானம். கொடைக்கானல் மலைப்பாதை என்றாலே வாந்தி. பேரனுக்கு ஐந்து வயது. ராமேஸ்வரத்திலும் தொண்டிப் பக்கமும் படகில் போயிருக்கிறோம், ஒன்றும் செய்ததில்லை. போகலாமா? டால்பின் கட்டாயம் தெரியுமா?"

தாராளமாகப் போங்கள் ஐயா. அந்தக் கடலைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. ஆனால் மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கும் சவாரி உங்கள் இருவருக்கும் வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் அவரிடம் இதைக் காட்டுங்கள்.

காரணம் இதுதான். குகைகள் கரையோரப் பாறையில் இருக்கின்றன. டால்பின்கள் பல கிலோமீட்டர் தள்ளி, ஆழ்கடலில் மீன் கூட்டத்தைத் தேடி அலைகின்றன. இரண்டையும் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் வேகமாகப் போனால்தான் முடியும். அதனால் இந்தச் சேர்த்துக்கட்டிய சவாரிகளைப் பெரும்பாலும் ரப்பர் ஸ்பீட் போட்டில்தான் நடத்துகிறார்கள். அந்தப் படகைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். விளிம்பு முழுக்கக் காற்றடைத்த தடித்த குழாய். நடுவில் வரிசையாக, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரும் இருக்கைகள். முன்னால் ஒரு கம்பி, அதுதான் பிடிமானம். முதுகுக்குச் சாய்மானம் குட்டையாக இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. வேகமெடுத்தால் படகு அலையின் உச்சியிலிருந்து அடுத்த அலைமேல் விழும். அந்த அடி நேராக இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் போகும். பழகியவர்கள் முழங்காலை மடக்கி, உடம்பைச் சற்றுத் தூக்கி அந்த அடியைத் தாங்கிக்கொள்வார்கள். தேய்ந்த முழங்காலை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. கர்ப்பிணிகளையும் முதுகுவலி உள்ளவர்களையும் இந்தப் படகில் ஏற்றுவதில்லை என்று நிறுவனங்களே சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆச்சியின் புடவைக்கும் இந்த இருக்கை சரிவராது. கழிப்பறையும் கிடையாது.

"ராமேஸ்வரத்தில் ஒன்றும் செய்யவில்லையே" என்கிறீர்கள். அதை வைத்து இதை எடைபோட வேண்டாம். நம் தொண்டி, தேவிபட்டினம் பக்கத்துப் பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர்கூட இல்லை. கிழக்கே இலங்கை அரண் போல நிற்கிறது. அங்கே எழுவது காற்று கிளப்பும் சின்ன அலை. அல்கார்வுக்கு வெளியே இருப்பது திறந்த அட்லாண்டிக். எங்கோ தொலைவில் வீசிய புயலின் அலை நீண்டு, மெதுவாகப் பெருமூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். கரையில் நின்று பார்த்தால் கடல் அமைதியாகத்தான் தெரியும். படகு ஓடும்போதும் அவ்வளவாகத் தெரியாது. டால்பின் தென்பட்டு, இன்ஜின் வேகத்தைக் குறைத்து, படகு நிற்கிறதே, அப்போதுதான் ஆட்டம் தொடங்கும். பக்கவாட்டில் உருளும், எரிபொருள் வாடை மூக்கில் ஏறும், எல்லோரும் செல்போன் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்தே நிமிடத்தில் ஒவ்வொருவராக வாந்தி எடுக்க ஆரம்பிப்பார்கள். மலைப்பாதை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது நிச்சயம் ஒத்துக்கொள்ளாது.

ஆகவே என் யோசனை, இரண்டையும் பிரித்துவிடுங்கள். குகைக்கு ஒரு படகு, டால்பினுக்கு வேறொரு படகு, வேறு ஊர், வேறு நாள்.

முதலில் குகை. நேரமோ உடம்போ ஒன்றுக்குத்தான் இடம் கொடுக்கும் என்றால் குகையையே தேர்ந்தெடுங்கள். அது எங்கும் ஓடிப்போகாது. அந்தப் பாறை ஒன்றரை, இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலடியில் சிப்பியும் கிளிஞ்சலும் படிந்து இறுகிய சுண்ணாம்புப் பாறை. உங்கள் வளவு வீட்டுச் சுவரில் கண்ணாடி மாதிரி வழவழப்பாகப் பூசியிருக்கிறதே, அந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்பும் இதே சரக்குதான். படகு பாறையை ஒட்டிப் போகும்போது கவனியுங்கள், மஞ்சள் பாறைக்குள் சிப்பி ஓடுகள் வரிவரியாகப் பதிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். மழைநீர் மேலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக் குழியாக்குகிறது, அலை கீழிருந்து குடைகிறது. இரண்டும் நடுவில் சந்திக்கும்போது கூரை உடைந்து வானம் தெரிகிறது. அல்கார்வில் உள்ள பெனஜில் குகையின் கூரையில் இருக்கும் பெரிய வட்டத் துவாரம் அப்படி வந்ததுதான். அதன் வழியாக வெயில் நேராக உள்ளே இறங்கி, குகைக்குள்ளேயே இருக்கும் சின்ன மணல்திட்டில் விழும். படங்களில் அந்த மணலில் ஆட்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 2024 முதல் அங்கே இறங்கவும் நீந்திப் போகவும் தடை. படகு உள்ளே போய், சற்று நின்று, திரும்பிவிடும். தடை போட்டது நல்ல காரியம். உதிரும் பாறை அது. 2009 ஆகஸ்டில் அதே கரையில் உள்ள அல்புஃபெய்ரா ஊருக்குப் பக்கத்தில் மரியா லூயிசா கடற்கரையில் பாறை சரிந்து ஐந்து பேர் இறந்தார்கள். படகுச் சவாரி முடிந்து கடற்கரையில் உட்காரும்போதும் நிழல் கிடைக்கிறதே என்று பாறையடியில் துண்டை விரிக்காதீர்கள். பேரனை அங்கே விளையாட விடாதீர்கள்.

பெனஜில்தான் புகழ்பெற்றது. ஆனால் உங்களுக்கு நான் சொல்வது லாகோஸ் என்னும் ஊரையொட்டிய பொன்டா ட பியதாட. அங்கே சின்னத் திறந்த படகில், ஒரு மணி நேரம் சொச்சம், கரையை ஒட்டியே மெதுவாகப் போவார்கள். வேகம் கிடையாது, ஆழ்கடலும் கிடையாது. பாறை வளைவுகளுக்கு அடியில் நுழையும்போது படகோட்டி தலையைக் குனியச் சொல்வார். இது யானை, இது சமையலறை என்று ஒவ்வொரு பாறைக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். பேரனுக்குப் பிடித்துப்போகும். தண்ணீர் அடிமணல் தெரியும் அளவுக்குத் தெளிவு. பெனஜிலையும் பார்த்தே ஆகவேண்டும் என்றால், போர்ட்டிமாவ் ஊரின் மரினாவிலிருந்து, அதாவது படகுத்துறையிலிருந்து, குகைக்கு மட்டும் போகும் சவாரியாகப் பாருங்கள். பெனஜில் கடற்கரையிலிருந்தே கிளம்பும் படகுகளில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, எட்டி ஏற வேண்டியிருக்கும். அது ஆச்சிக்கு ஆகாது. 'எங்கே ஏற்றுவீர்கள், மரினாவிலா மணலிலா' என்ற ஒரு கேள்வியை மாப்பிள்ளை மறக்காமல் கேட்கட்டும்.

மரினா என்றாலும் ஒரு விஷயம் இருக்கிறது. நம் பக்கம் கடல் ஏறி வற்றுவது ஒரு மீட்டர்கூட இல்லை. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று மீட்டர் வரை போகும். படகு நிற்கும் மிதவை மேடை தண்ணீரோடு ஏறி இறங்கும். கரையிலிருந்து அதற்கு ஒரு சாய்வுப் பாலம் இருக்கும். வற்றுக் காலத்தில் அந்தப் பாலம் செங்குத்தாகிவிடும், கால்வலிக்காரர்கள் இறங்கத் திணறுவார்கள். கடல் முழுக்க ஏறியிருக்கும்போதோ பாலம் மட்டமாக இருக்கும், ஆனால் தாழ்ந்த கூரை உள்ள குகைகளுக்குள் படகு போகாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரம்தான் நல்லது. அந்தப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியில் காலை வேளையில்தான் கடல் நன்றாக வற்றியிருக்கும். அதனால் அஷ்டமி, நவமியை ஒட்டிய நாளாகப் பார்த்துப் போங்கள், ஏற்ற இறக்கம் அப்போதுதான் குறைவு. நல்ல காரியத்துக்கு நாம் தள்ளிவைக்கும் நாள் என்று யோசிக்க வேண்டாம். முழங்காலுக்கு அதுதான் நல்ல நாள்.

எந்த நாளானாலும் காலை முதல் சவாரி. மத்தியானத்துக்குமேல் காற்று வலுக்கும். லிஸ்பனிலிருந்து அல்கார்வுக்குக் காரில் இரண்டரை, மூன்று மணி நேரம். விடியற்காலையில் கிளம்பி நேராகப் படகில் ஏற வேண்டாம், முதல் நாளே போய்த் தங்குங்கள்.

இனி டால்பின். கட்டாயம் தெரியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அல்கார்வில் அதிகம் தென்படுவது இரண்டு வகை. ஒன்று, விலாவில் மஞ்சள் திட்டு உள்ள சாதாரண டால்பின். கூட்டமாக வந்து படகின் முன்முனையில் எழும் அலையில் சறுக்கி விளையாடும். இன்னொன்று, அதைவிடப் பெரிய, சாம்பல் நிறப் புட்டிமூக்கு டால்பின். பெரும்பாலான நாட்களில் ஏதாவது ஒன்று கண்ணில் படும், சில நாள் வெறுங்கடல்தான். தெரியாவிட்டால் இன்னொரு நாள் இலவசமாகக் கூட்டிப்போகும் நிறுவனங்கள் உண்டு. பணம் கட்டும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆழ்கடலுக்குத்தான் போகவேண்டும் என்றால் கட்டமரான் வகையில் போங்கள். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு உடலைச் சேர்த்துக் கட்டிய பெரிய படகு. ஆட்டம் குறைவு, எழுந்து நடமாடலாம், கழிப்பறை இருக்கும். அது குகைக்குள் நுழையாது. நீங்கள்தான் குகையைத் தனியாகப் பார்க்கப் போகிறீர்களே, கவலையில்லை.

ஆனால் இதற்காக அல்கார்வ் வரை போகவே வேண்டாம் என்பது என் எண்ணம். லிஸ்பனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் செதூபல் என்ற துறைமுக ஊர். அங்கே சாடோ ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் புட்டிமூக்கு டால்பின்களின் சிறிய குடும்பம் ஒன்று நிரந்தரமாக வாழ்கிறது. முப்பதை ஒட்டிய எண்ணிக்கைதான். முதுகுத் துடுப்பில் உள்ள வெட்டுக்குறிகளை வைத்து ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் வைத்திருக்கிறார்கள். வலசை வந்து போகும் கூட்டமில்லை என்பதால் பார்க்கும் வாய்ப்பும் அதிகம். கழிமுகத் தண்ணீர் என்பதால் ஆட்டமும் குறைவு. அங்கிருந்து கட்டமரான்களும் கிளம்புகின்றன. வாந்திக்குப் பயப்படும் ஆச்சிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அந்த நாட்டில் எனக்குத் தோன்றவில்லை.

படகோட்டி எப்படி நடந்துகொள்கிறார் என்பதையும் பாருங்கள். டால்பின்கள் ஒலியை வைத்தே இரை தேடுகின்றன, குட்டியைக் கூப்பிடுகின்றன. சுற்றிலும் இன்ஜின் இரைந்தால் அவற்றுக்கு அன்றைய பொழுதே கெட்டுவிடும். போர்ச்சுகலில் 2006-லேயே இதற்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். 30 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, ஒரு கூட்டத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் மூன்று படகுக்கு மேல் நிற்கக் கூடாது, அரை மணி நேரத்துக்கு மேல் பின்தொடரக் கூடாது, கூட நீந்தக் கூடாது. டால்பின் தானாகப் படகருகே வந்தால் அது வேறு, அப்போது கண்ணாரப் பாருங்கள். விரட்டிப் பிடிக்கும் படகு என்றால், அடுத்த முறை வேறு ஆளிடம் போங்கள், மாப்பிள்ளை அதை வெளிப்படையாக விமர்சனத்தில் எழுதவும் வேண்டும். முறையான நிறுவனத்துக்கு ஆர்.என்.ஏ.ஏ.டி. என்ற சுற்றுலாப் பதிவு எண் இருக்கும், டால்பின் காட்டுவதற்குத் தனி அனுமதியும் இருக்கும். இரண்டையும் அவர்கள் இணையப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.

மாத்திரை விஷயம். சில பிரஷர் மாத்திரைகளில் சிறுநீரைப் பெருக்கும் மருந்து சேர்ந்திருக்கும். காலையில் அதைப் போட்டுக்கொண்டு கழிப்பறை இல்லாத குகைப் படகில் ஏறினால் அவஸ்தை. அன்றைக்கு மட்டும் நேரத்தை மாற்றலாமா என்று ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆச்சிக்கு அவோமின் போன்ற மாத்திரை வாந்தியைத் தடுக்கும். வாந்தி தொடங்கியபின் போட்டால் பயன் இல்லை, முன்கூட்டியே போட வேண்டும். அதோடு தூக்கம் வரும், நடை தள்ளாடும், மிதவை மேடையில் அது ஆபத்து. கண்ணில் நீர் அழுத்த நோய் இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் போடவே கூடாது. டாக்டர் சரி என்றால் கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள், எவ்வளவு தூக்கம் வருகிறது என்று தெரிந்துவிடும். பேரனுக்கு எதுவும் கொடுப்பதாக இருந்தால் அங்குள்ள குழந்தை மருத்துவரைக் கேட்டே கொடுங்கள்.

வெறும் வயிற்றோடு போக வேண்டாம். எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். ரொட்டி, வாழைப்பழம் போதும். படகில் நடுவிலோ பின்பக்கமோ உட்காருங்கள், முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப்போடும். பார்வை தூரத்துத் தொடுவானத்தில் இருக்கட்டும், படம் எடுக்கும் வேலையை மாப்பிள்ளையிடம் விடுங்கள். வெயில் அடித்தாலும் ஓடும் படகில் குளிரும், செப்டம்பரிலும் காற்றுத் தாங்கும் சட்டை ஒன்று வேண்டும். ஆச்சி சுடிதார் போட்டுக்கொண்டால் ஏறி இறங்க எளிது. புடவைதான் என்றால் முந்தானையை இழுத்துக் குத்திக்கொண்டு, அதன்மேல் லைஃப் ஜாக்கெட். பேரனுக்கு அவன் அளவு ஜாக்கெட் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். பெரியவர்களுக்கான ஜாக்கெட்டை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் குழந்தை அதிலிருந்து நழுவிவிடும்.

விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டில் படகுச் சவாரி சேருமா என்று முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், அல்கார்வ் போன மறுநாளே குகைச் சவாரியை வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். அலை அதிகம் என்று அன்று காலையில் கேப்டன் ரத்து செய்வது அங்கே சாதாரணம். பணத்தைத் திருப்பித் தருவார்கள் அல்லது வேறு நாள் தருவார்கள். வேறு நாள் கையில் இருந்தால்தான் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியும்.